கீழ் லயத்துக்கு இருபது நிமிடம்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் நான் எழுதியதெல்லாம் எஸ்டேட் தண்ணீர்ப் புத்தகத்தில் வால்வு திறந்த நேரமும் மூடிய நேரமும்தான். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்று இன்றும் எனக்குத் தகராறு. தப்பு நிறைய இருக்கும். திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பேச்சும் எனக்கு வராது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. அதனால்தான் அந்தத் தண்ணீர் வேலை எனக்குப் பிடித்திருந்தது. விடியற்காலையில் தனியாக மேலே ஏறிப் போய், ஊற்றுத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, வால்வைத் திறந்துவிட்டுக் கீழே வரலாம். யாரிடமும் பேச வேண்டியதில்லை.

கேரளத்தில் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். என் அப்பாவின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழுந்து வேலைக்கு வந்தவர். நான் பிறந்ததும் கல்யாணம் செய்ததும் ஒரே லயத்தில்தான். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு அறை, ஒரு அடுப்படி. எங்கள் லயம் மேட்டில் இருந்ததால் மேல் லயம். அதற்குக் கீழே ஓடைப் பக்கம் பல வருடம் பூட்டிக் கிடந்த ஒரு பழைய லயம் உண்டு. எங்கள் பிள்ளைகள் படித்து, ஏலக்காய்க் கடைக்கும் ரிசார்ட்டுக்கும் டவுனுக்கும் வேலைக்குப் போகத் தொடங்கியதும் கொழுந்து எடுக்க ஆள் குறைந்தது. கம்பெனி ஜார்க்கண்டிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து அந்தக் கீழ் லயத்தில் வைத்தது.

மேல் லயத்தில் எட்டு வீட்டில் முப்பது பேர் இருந்தோம். கீழே நாலே அறையில் அவர்களும் முப்பது பேர். கூரைத் தகரத்தில் ஓட்டை. எங்களுக்கு ரேஷன் கார்டு, ஓட்டு, யூனியன், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தது. அவர்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது என்றுகூடத் தெரியாது. இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். அப்போது நான் இப்படிப் பார்த்ததில்லை. மலையாளத்துக்காரர்களுக்கு நிலம் இருக்கிறது, அதற்குப் பட்டயம் இருக்கிறது, எங்களுக்கு வேலை போனால் வீடும் போகும் என்பதுதான் என் மனதில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

மாசி பிறந்தால் ஊற்று சுருங்கிவிடும். தொட்டியில் இருப்பது இரண்டு லயத்துக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரத் தண்ணீர்தான். சூப்பர்வைசர் என்னிடம், "ரெண்டு லயத்துக்கும் பாத்து விடுப்பா" என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். மேல் லயத்துக்கு ஆறிலிருந்து ஏழு வரை, கீழ் லயத்துக்கு ஏழிலிருந்து ஏழு இருபது வரை என்று வைத்தது நான்தான். மிச்சத்தைத் தொட்டியிலேயே நிறுத்தி வைப்பேன், சாயங்காலம் எங்கள் லயத்தில் யாராவது கேட்டால் கொடுக்க. ஏழரைக்கு எல்லோரும் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நிற்க வேண்டும். அதனால் கீழ் லயத்துப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு ஓட வேண்டியிருக்கும். மீதித் தண்ணீரை வேலை முடிந்து வந்து ஓடையில் எடுப்பார்கள். அட்டை கடித்த காலோடு மேடேறி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

என் மனைவி ஒருநாள் கேட்டாள். "ஏங்க, அவளுகளுக்கு இருவது நிமிசம் போதுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த வீட்டு அக்கா சொன்னாள்: "அதெல்லாம் போதும்டி. அவளுக மூணு பேரு ஒரு பக்கெட்டுல குளிச்சிருவாளுக. நம்மள மாதிரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு கோடைக்கு முன்னால் ஒரு கல்லூரி மாணவி எஸ்டேட்டுக்கு வந்தாள். கோட்டயம் பக்கத்து மலையாளப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். தமிழ் பேசினாள், இடையிடையே மலையாளம் கலந்து.

"சேட்டா, ரெண்டு கூட்டரோட ஜீவிதம் எப்படி இருக்குன்னு ஒப்பிட்டுப் பாக்கணும். பழைய தமிழ்த் தொழிலாளிங்க, புதுசா வந்த வடக்கத்தித் தொழிலாளிங்க. அதான் என்னோட படிப்பு."

தண்ணீர் வேலையாக இரண்டு லயத்துக்கும் போகிறவன், குழாயடியில் காதில் விழுந்து கீழ் லயத்துப் பேச்சும் கொஞ்சம் தெரிந்தவன் என்று ஆபீசில் என்னைக் காட்டிவிட்டார்கள்.

முதலில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து என்னையே கேட்டாள். உங்களுக்கு என்ன கஷ்டம் சேட்டா என்றாள். அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. வாயே திறக்காத நான் அன்று ஒரு மணி நேரம் பேசினேன். மூன்று தலைமுறை வேலை செய்தும் ஒரு சென்ட் மண் இல்லை என்றேன். ஒருமுறை எங்கள் டிஸ்பென்சரியில் நடந்ததையும் சொன்னேன். அங்கே மருந்து எடுத்துக் கொடுப்பவர் மலையாளத்துக்காரர். என் மனைவி காய்ச்சலோடு போனபோது வெளியே மழையில் நிற்க வைத்துவிட்டு, ஆபீஸ்காரர்கள் வீட்டு ஆட்களை உள்ளே கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து, மருந்தெல்லாம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று என்னையே நிறுத்திக் கேட்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க சேட்டா?"

"நல்லா பாக்குறாங்க சார்னு சொல்லிட்டேன்."

"அய்யோ, ஏன்?"

"அதிகாரி சாயங்காலம் ஜீப்புல போயிருவாரு. நாளைக்கும் நான் அந்த ஆளுகிட்டதானம்மா மருந்துக்குப் போய் நிக்கணும்."

அவள் அதை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு கீழ் லயத்துக்குக் கூட்டிப் போனேன். முதல் அறையில் ஒரு இளம்பெண், மடியில் மூன்று மாதக் குழந்தை. அவள் கணவன் மருந்தடிக்கும் வேலைக்குப் போயிருந்தான். எங்களை உட்காரச் சொல்லி, இருந்த ஒரே ஸ்டூலை மாணவிக்குக் கொடுத்தாள். எனக்கு ஒரு சாக்கை மடித்துப் போட்டாள். அவர்கள் பேச்சு ஹிந்தி மாதிரி இருக்கும், ஆனால் ஹிந்தி இல்லை. மாணவிக்குப் பள்ளியில் படித்த ஹிந்தி தெரியும். "ஒண்ணும் பிடி கிடைக்கல சேட்டா, நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

எத்தனை பேர் இந்த அறையில், எந்த ஊர், சொந்த ஊரில் நிலம் உண்டா என்று கேட்டாள். நான் கேட்டுச் சொன்னேன். எட்டுப் பேர். ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, மழை இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. அதுவரை நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"தண்ணி தினமும் எவ்வளவு நேரம் வருது? மேல் லயத்துக்கு வர்ற அளவு வருதான்னு கேளுங்க."

கேட்டேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையின் துணியைச் சரிசெய்தபடியே பதில் சொன்னாள். இருபது நிமிடம் வரும். குழந்தைத் துணியை அலச அது போதாது, ஓடைக்குப் போகிறேன். மேலே ஒரு மணி நேரம் வருவது இங்கிருந்தே கேட்கும், குடத்தில் விழும் சத்தம். இவ்வளவும் அவள் சொன்னாள்.

மாணவி பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வருதாம்மா. கோடைதானே, கொஞ்சம் கஷ்டம்தானாம்" என்றேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும் என்றும் இல்லை. ஒரு மணி நேரம் முன்பு என் கஷ்டத்தைக் கேட்டு முகம் வாடிய மாணவி, வால்வைத் திறக்கிறவன் நான்தான் என்று தெரிந்து என்னை வேறு மாதிரிப் பார்க்கக் கூடாது. அதற்காகத்தான் அந்தப் பொய்.

மாணவி எழுதிக்கொண்டாள். கிளம்பும்போது எனக்கு ஒரு புது நோட்டும், கல்லூரி விலாசம் எழுதிய கவரும் கொடுத்தாள். "ஏதாவது விட்டுப் போயிருந்தா எழுதி அனுப்புங்க சேட்டா. ஆறு மாசத்துல முடிச்சுக் கொடுக்கணும்."

அவளை ரோட்டில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது, ஓடைப் பாலத்தில் அந்த ஜார்க்கண்ட் பெண் எதிரே வந்தாள். முதுகில் குழந்தை, இடுப்பில் குடம். ஒதுங்கி வழிவிட்டாள். கடந்து போனதும் பின்னாலிருந்து, "அண்ணே" என்றாள்.

நின்றேன்.

"நான் சொன்னது அது இல்லண்ணே."

அட்சரம் பிசகாத எங்கள் லயத்துத் தமிழ். மூன்று வருடம் எங்கள் பெண்களோடு ஒரே காட்டில் கொழுந்து எடுத்தவளுக்குத் தமிழ் புரியாது என்று நான் எப்படி நினைத்தேன்? அவளிடம் என்றாவது தமிழில் ஏதாவது பேசியிருந்தால்தானே எனக்குத் தெரிந்திருக்கும்.

"அப்ப அங்கயே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் குறை அவள்மேல் இருக்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவள் குடத்தை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கோபப்படவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்த அக்கா பஸ்ஸுல போயிரும். நாளைக்கும் தண்ணி நீதானண்ணே தொறந்து விடணும்."

மறுநாள் காலை இரண்டு லயத்துக்கும் முக்கால் முக்கால் மணி நேரம் விட்டேன். கீழே போய் நின்று பார்க்கவும் செய்தேன். அவள் இரண்டு குடமும் ஒரு டிரம்மும் நிரப்பினாள். குழந்தையின் துணிகளைக் குழாயடியிலேயே அலசினாள்.

மேல் லயத்தில் இரண்டாம் நாளே பேச்சு தொடங்கிவிட்டது. அடுத்த வீட்டு அக்கா எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "என்ன தண்ணிக்காரரே, கீழ் லயத்துல பொண்ணு கிண்ணு கட்டப் போறீகளா?" குழாயடியே சிரித்தது. மூன்றாம் நாள் என் மனைவி, "எனக்கு வெளிய தல காட்ட முடியல. ஊரோட ஒத்துப் போங்க" என்றாள். முக்கால் மணி நேரத் தண்ணீரில் எங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. எல்லா டிரம்மும் நிரம்பியிருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்காம் நாள் பழையபடி ஏழு மணிக்குத்தான் கீழ் லயத்துக்குத் திறந்தேன், ஏழு இருபதுக்கு வால்வை மூடினேன்.

அன்று சாயங்காலம் அவளை ஓடைப் பாதையில் பார்த்தேன். எப்போதும்போலத் தலையை லேசாக அசைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு ஆச்சரியமாகவே இல்லை.

மழை வந்து, கார்த்திகை முடியும்போது அவர்கள் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்கள். எந்த எஸ்டேட் என்று தெரியாது. நோட்டும் கவரும் அரிசி டின்னுக்கு மேலே கிடந்தன. ஆறு மாதம் தாண்டியது. மலை ஏற முட்டி ஒத்துழைக்காமல் போக, வேலையை விட்டேன். வேலையோடு லயமும் போனது. மகளைக் கட்டிக் கொடுத்த எலப்புள்ளிக்கே நானும் மனைவியும் வந்துவிட்டோம். மருமகனுக்குக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை.

இங்கே ஒரு கவுண்டர் தோட்டத்துக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய வாடகை அறைகளில் ஒன்றில் இருக்கிறோம். அந்தக் கவுண்டர் வீட்டாரும் தமிழர்கள்தான். வயல், தென்னை, இரண்டு கிணறு, படித்து வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். கேரளத்தில் தமிழன் என்றால் நிலம் இல்லாதவன் என்று அந்த மாணவியிடம் நான் அடித்துச் சொன்னதும் சரியில்லை என்று இங்கே வந்துதான் தெரிந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். வாரம் ஒருமுறை தேங்காய் கொடுத்தனுப்புவார்.

எங்கள் வரிசையில் கடைசி இரண்டு அறையில் பீகார்ப் பையன்கள் பத்துப் பேர், கம்பெனி வேலைக்காரர்கள். இங்கே கோடையில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விடும். போன வாரம் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, தண்ணி பத்தலீங்க. நீங்க நம்ம தமிழாளுங்க. காலைல மோட்டார் போட்டா மொதல்ல உங்குளுக்குத்தானுங்க. நீங்க புடிச்சு முடிச்சுப்போட்டு, மிச்சமிருந்தா அந்தக் கடைசி ரூமுக்காரங்க புடிச்சுக்கட்டுமுங்க. சரிங்களா?"

"சரிங்க" என்றேன்.

மறுநாள் எங்கள் குடங்கள் நிரம்பிக்கொண்டிருந்தபோது ஒரு பீகார்ப் பையன் காலி பக்கெட்டோடு வந்து கொஞ்சம் தள்ளி நின்றான். இரவு வேலை முடித்து வந்த முகம். என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தான். எனக்கு அந்தத் தலையசைப்புத் தெரியும். பைப்பை எடுத்து அவன் பக்கெட்டில் போட்டேன். அவன் பயந்துபோய் வீட்டுக்காரர் வாசலைப் பார்த்தான்.

நேற்றுக் காலை வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். அவர் பேப்பர் படித்து முடிக்கும்வரை நின்றேன். "அவங்களுக்கும் சரிபாதி விடலாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "என்னங்க?" என்றார். திரும்பவும் சொன்னேன். சிரித்துவிட்டு, "உங்குளுக்கெதுக்குங்க அந்த வம்பு? பாக்கலாமுங்க" என்றார். இன்று காலையும் முதலில் எங்களுக்குத்தான் வந்தது. நாளையும் போய் நிற்கப் போகிறேன். நிற்பேனா என்று எனக்கே முழு நம்பிக்கை இல்லை. அதனால்தான் அதற்கு முன்னால் இதை எழுதிவிட உட்கார்ந்தேன்.

அந்த மாணவி படிப்பை முடித்திருப்பாள். அவள் எழுதியதில் என் பொய்யும் ஒரு வரியாக எங்கோ இருக்கும். படித்தவர்கள் அதைப் படித்துவிட்டு, பரவாயில்லை, தண்ணீரிலாவது இரண்டு கூட்டமும் ஒன்றாக இருந்திருக்கிறது என்று நினைத்திருக்கலாம். கவரில் விலாசம் இன்னும் அழியவில்லை. தாமதமானாலும், அவள் இப்போது அங்கே இல்லாவிட்டாலும், பிரித்துப் படிக்கிறவர்களுக்காக அனுப்புகிறேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என் பதிலை அடித்துவிட்டு, அந்தப் பெண் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள்.

மேல் லயத்துக்கு ஒரு மணி நேரம். கீழ் லயத்துக்கு இருபது நிமிடம். குழந்தைத் துணி அலச அது போதாது. திறந்துவிட்டது நான்.

எலப்புள்ளி,
ஏப்ரல் 24, வியாழக்கிழமை.