வாய் திறந்த மீனுக்குப் பசியில்லை

ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் பின்வளவில், நிலக்கரி கொட்டிக் கிடந்த இடத்தில் குளம் வெட்டியவன் நான். உடைந்த நடைபாதைக் கற்களை அடுக்கி அதற்கு அருவி கட்டியவன் நான். பியர் பீப்பாயைப் பாதியாக அறுத்து, சரளைக்கல் போட்டு ஃபில்டர் செய்தவனும் நான்தான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கப்பலில் எண்ணெய் துடைத்துக்கொண்டு வந்து ஹம்பர்க்கில் இறங்கியபோது எனக்குத் தெரிந்த ஜேர்மன் சொற்கள் இரண்டு. இரண்டையும் இங்கே எழுத முடியாது. அறுபதுகளின் கடைசியில் அந்த இல்லத்தில் ஹவுஸ்மைஸ்டர் ஆனேன். கட்டிடத்தில் எது உடைந்தாலும் என் தலையில்தான் விடியும், அந்த வேலை.

இப்போது தோட்டத்தில் மீன் வளர்க்கிற பிள்ளைகள், "என்ன மருந்து போடலாம்?" என்று என்னைக் கேட்கிறார்கள். மருந்து கிடக்கட்டும். முதலில் இதைக் கேளுங்கள்.

1. மேலே வந்த வாய்கள்

எழுபதுகளின் நடுவில் ஒரு கடும் கோடை. காலையில் போய்ப் பார்த்தால் தங்கமீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சில வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கின்றன. கூழ்முட்டை நாற்றம்.

இல்லத்தின் நிர்வாகி ஃபிராவ் க்ரூகர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். அவர் பேசியது ஜேர்மன்தான். என் காதில் யாழ்ப்பாணத் தமிழாக விழுந்தது.

"இந்த நாத்தத்தோட சனத்தை வைச்சிருக்க ஏலாது. ரெண்டு கிழமை, பதினாலு நாள் தாறன். சரிவராட்டி மண் போட்டு மூடி, கார் நிப்பாட்டுற இடமாக்கிப்போடுவன்."

என் குளத்தின் மேல் கார்! கையை விட்டு அடியைக் கிளறினேன். கை நிறையப் பாண் களி வந்தது, ஊறி அழுகிய ரொட்டி.

இல்லத்தில் இருந்தவர்கள் போர்க்காலப் பட்டினியை அனுபவித்தவர்கள். பாண் துண்டை எறிய அவர்களுக்கு மனம் வராது. காலைச் சாப்பாட்டில் மிஞ்சியதைக் கைக்குட்டையில் சுற்றி வந்து மீனுக்குப் போடுவார்கள். மீன் வாயைத் திறந்தால் பசி தீரவில்லையென்று இன்னும் போடுவார்கள். அவர்களை விடுங்கள். சமையலறையில் கோப்பை கழுவிய நம் செல்வராசா, அவித்த கிழங்கை வாளியோடு கொண்டு வந்து கொட்டினான்.

"நீயுமாடா?"

"என்ன அண்ணை செய்யிறது? வாயைப் பிளந்துகொண்டு நிக்குதுகள். பசிச்ச வாயைப் பாத்துப்போட்டு என்னாலை சும்மா போகேலாது."

"அது பசியில்லையடா, மூச்சு முட்டுது! நீ போட்ட கிழங்கு அடியிலை கிடந்து அழுகி, தண்ணியிலை இருக்கிற காத்தை எல்லாம் குடிச்சுப்போட்டுது. மூச்செடுக்க மேலை வந்த சீவனுக்குத் திரும்பவும் கிழங்கு குடுக்கிறாய்."

"அப்ப நான் இளைப்புக்காரனுக்குச் சோறு தீத்தின மாதிரியோ?"

"ஓம். அதுவும் குழைச்சுத் தீத்தினாய்."

2. தண்ணீர் வேலை

அடிச்சேற்றை வாரினோம். தண்ணீரை முழுதாக மாற்றவில்லை. மூன்றில் ஒரு பங்குதான். ஒரேயடியாக மாற்றினால் மிஞ்சிய மீனும் அதிர்ந்து செத்துவிடும். குழாய்த் தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்துச் சூட்டைச் சமமாக்கி, உயரத்திலிருந்து பூவாளியால் ஊற்றினேன். விழுகிற தண்ணீர் காற்றையும் கூட்டிக்கொண்டு போகும். செல்வராசா ஃபில்டர் கல்லைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கப் போனான், கையைப் பிடித்தேன். அந்தக் கல்லின் வழுவழுப்பில் இருக்கிற நுண்ணுயிர்தான் அழுக்கைத் தின்கிறது. கல்லைக் குளத்துத் தண்ணீரில் லேசாக அலசினால் போதும்.

மீன்கள் கீழே இறங்கின. மறுநாள் காலை பார்த்தால் மறுபடியும் பாண்!

தீன் போட வேண்டாம் என்று பலகை வைத்தேன். சத்தமாக வாசித்துப்போட்டுப் பாணை எறிந்தார்கள். அதில் முதல் ஆள் ஹெர் பாவ்மன், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், வேலையில் போட்ட சிவப்புத் தொப்பியை இன்னும் அறையில் வைத்திருந்தவர்.

"ஸ்டேஷனிலை முழுச் சனத்தையும் அடக்கின ஆள் நான். உன்ரை பலகைக்குப் பயப்பிடுவனோ?"

3. சிவப்புத் தொப்பி

அன்று பின்னேரமே அவர் அறைக் கதவைத் தட்டினேன்.

"ஹெர் பாவ்மன், உங்கடை சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாங்கோ. இனி இந்தக் குளம் உங்கடை பொறுப்பு. ஒரு நாளைக்கு ஒருக்கா, மீன் உடனை தின்னிற அளவுதான் தீன். நீங்கள் மட்டும்தான் போடலாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"விசிலும் கிடக்கு. கொண்டு வரட்டோ?"

"கட்டாயம் கொண்டு வாங்கோ."

மறுநாள் ஒரு அம்மா கைக்குட்டையை அவிழ்த்தார். விசில்! பாண் துண்டு பைக்குள் திரும்பிப் போனது. ஃபிராவ் க்ரூகர் ஒரு பிஸ்கட்டோடு குனிந்தார். அவருக்கும் விசில். "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான், அம்மா!" மிஞ்சிய பாணெல்லாம் பக்கத்து வீட்டுச் சுரங்கத் தொழிலாளியின் புறாக்களுக்குப் போனது.

தவணை முடிந்த அன்று, நிர்வாகியின் கண் முன்னால் ஒரு பீங்கான் தட்டைக் குளத்தின் அடிவரை இறக்கினேன்.

"தட்டிலை இருக்கிற பூ தெரியுதோ?"

"நல்லாத் தெரியுது. தட்டு ஆரின்ரை?"

"உங்கடை குசினியின்ரை."

"அப்ப எடுத்துக் கழுவி வையுங்கோ. குளம் இருக்கட்டும்."

பிள்ளைகளே, மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் தீனை நிறுத்துங்கள், தண்ணீரைப் பாருங்கள். நான் படித்த படிப்பு இவ்வளவுதான், இதுவே போதும்.

பாவ்மன் போய்ச் சேர்ந்த பிறகு குளத்தடியில் ஒரு பித்தளைத் தகடு பதித்தார்கள். 'ஹெர் பாவ்மன் காப்பாற்றிய குளம்' என்று அதில் இருக்கிறது. மனுசன் நன்றாக ஊதினார், மறுக்கவில்லை. ஆனால் வெட்டியவன் நான், தண்ணீரைத் தேற்றியவன் நான், அவர் வாயில் விசிலைக் கொடுத்தவனும் நான். இல்லத்தை இப்போது நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தத் தகட்டில் என் பெயரையும் வெட்டுங்கள். கீழே இடமிருக்கிறது என்று சொல்ல வேண்டாம். மேலேயும் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.