லேபிள் இல்லாத டப்பா

செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வள்ளியம்மைக்கு வலி மாத்திரை என்றாலே ஆகாது. குக்கர் வாங்க வந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டால் போதும், விலை சொல்வதை நிறுத்திவிடுவார்.

"மாத்திர எதுனா போட்றியா? போடாத. கிட்னி பூடும்."

கணவர் துரைராஜ் பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கும்போது தோள்பட்டை பிசகிக்கொண்டது. டாக்டர் பிரஷர் பார்த்தார், வயிற்றுப்புண், கிட்னி தொந்தரவு உண்டா என்று கேட்டார். பிறகு ஐந்து நாளுக்கு மட்டும் மாத்திரை எழுதி, சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்றார். இரண்டாம் நாளே வள்ளியம்மை மாத்திரை அட்டையைச் சாக்கடையில் வீசினார். துரைராஜ் அதே சீட்டைக் காட்டி மறுபடி வாங்கி, விற்காமல் கிடந்த ஒரு இட்லிக் குண்டானுக்குள் ஒளித்துவைத்து, ஐந்து நாள் போட்டு நிறுத்திக்கொண்டார். தோள் சரியானது. தான் வைத்துக் கொடுத்த முடக்கத்தான் ரசம்தான் காரணம் என்று வள்ளியம்மை ஊரெல்லாம் சொன்னார். துரைராஜும் தலையாட்டினார்.

போன வருஷம் வள்ளியம்மையின் முழங்கால் வலி ஆரம்பித்தது. அறுபத்திரண்டு வயது, நாளெல்லாம் நிற்கும் வேலை. வாரச்சந்தையில் மைக் வைத்து ஒருவன் பழுப்புப் பொடி விற்றான். மலை மூலிகை, சைடு எஃபெக்ட் கிடையாது என்றான். வெள்ளை டப்பா, மேலே ஒரு எழுத்துகூட இல்லை. கம்பெனி பெயர் போட்ட மருந்துதான் கெடுதல் என்பது வள்ளியம்மையின் கொள்கை என்பதால், பெயரே இல்லாத டப்பா அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

காலையில் வெறும் வயிற்றில், வெந்நீரில் ஒரு ஸ்பூன். அரை மணி நேரத்தில் வலி போய்விட்டது. அந்த வாரமே சிங்கவரம் பெருமாள் கோயில் படிகளை நிற்காமல் ஏறி இறங்கினார். ஒரு ஸ்பூன் இரண்டானது, பிறகு மூன்றானது.

"மூலிகதான, எவ்ளோ சாப்ட்டா இன்னா?" என்றார்.

தனக்குக் கிடைத்த நன்மை மற்றவர்களுக்கும் கிடைக்கட்டும் என்று ஒன்பது பேருக்கு டப்பா வாங்கிக் கொடுத்தார். எதிரே பூ விற்கும் பச்சைமுத்து, அனந்தபுரத்தில் இருக்கும் ரிட்டையர்டு டீச்சர் கலைச்செல்வி என்று எல்லாம் தெரிந்தவர்கள்.

ஐந்தாவது மாதம் கால் வீங்கியது. ஊறுகாய் உப்பு என்றார். பிரஷர் மாத்திரை தவறாமல் போட்டும் பிரஷர் ஏறியது. கடை டென்ஷன் என்றார். வயிறு எரிந்தது, அதற்கு ஓட்டல் சாம்பார். மலம் கறுப்பாகப் போனதற்குக் கீரை. காரணம் கண்டுபிடிப்பதில் அவர் குறையே வைக்கவில்லை. ஒரு நாள் காலை எவர்சில்வர் தட்டு அடுக்கை இறக்கும்போது கண் இருட்டி, தட்டுகளோடு சாய்ந்தார். சத்தத்தில் பஜாரே ஓடி வந்தது.

விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். டாக்டர் மோனிகா இளம்பெண், நிதானமாகப் பேசுவார்.

"எத்தினி நாளா வலி மாத்திர போட்றீங்கம்மா?"

"ஒண்ணுகூட போட்டதில்ல."

டாக்டர் துரைராஜைப் பார்த்தார்.

"அவ போட மாட்டாம்மா. என்னியே போட உட மாட்டா," என்றார் அவர்.

மறுநாள் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு டாக்டர் மறுபடி வந்தார்.

"வயித்துல ரெண்டு புண்ணு. அதுலேர்ந்துதான் ரத்தம் போயிருக்குது. கிட்னியும் கொஞ்சம் பாதிச்சிருக்குது. பொடி, லேகியம் எதுனா சாப்டறீங்களா?"

"அது மூலிகம்மா."

"சாப்ட்டா வலி எவ்ளோ நேரத்துல போவுது?"

"அரமணி நேரம்," என்றார் வள்ளியம்மை, படுக்கையிலும் சற்றுப் பெருமையாக.

டாக்டர் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி பரிசோதனைக்கு அனுப்பினார். பத்து நாளில் முடிவு வந்தது. பொடியில் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து கலந்திருந்தது. ஒரு ஸ்பூனில் ஒரு மாத்திரைக்கு மேல் இருக்கும் என்றார் டாக்டர். வெறும் வயிறு, இந்த வயசு, பிரஷர், மாதக்கணக்கில் ஒரு நாளைக்கு மூன்று ஸ்பூன். எது கூடாதோ அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்திருந்தது.

துரைராஜ் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"எனுக்கு டாக்டர் எழுதிக் குடுத்தாரே, அதும் இதே பேருதான்," என்று சொல்லி, இட்லிக் குண்டான் விஷயத்தையும் அப்போதே சொல்லிவிட்டார். வள்ளியம்மை அன்று சாயங்காலம் வரை அவரோடு பேசவில்லை.

பேசியபோது முதல் வார்த்தை, "அந்த ஒம்போது பேரு இன்னா ஆனாங்களோ," என்பதுதான்.

அன்றே ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். யாரும் நம்பவில்லை. நடமாடத் தெம்பு வந்ததும் நேரில் கிளம்பினார். கலைச்செல்வி டீச்சர் டப்பாவைத் தர மறுத்தார்.

"டாக்டருங்க அப்டிதான் சொல்வாங்க, நம்பாதன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப நீங்களே வந்து அவங்க பேச்ச பேசறீங்க."

ஐந்து மாதம் வள்ளியம்மை கொடுத்த பாடத்தை டீச்சர் அவ்வளவு நன்றாகப் படித்திருந்தார்.

பச்சைமுத்து இன்னும் பிடிவாதம்.

"இது இல்லன்னா கூடய யாரு தூக்கறது, யக்கா?"

வள்ளியம்மை ரிப்போர்ட்டைக் காட்டினார். பச்சைமுத்து மல்லிகை கட்டுவதை நிறுத்தவில்லை. வள்ளியம்மை பூக்கூடை பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பஜாரில் நாலு பேர் கேட்கும்படி, வீட்டிலும் கூசிக் கூசிச் சொன்ன விஷயத்தைச் சொன்னார்.

"எனுக்கு தார் மாரி கறுப்பா போச்சு. கீரன்னு நெனச்சேன். அது ரத்தமாம்."

பச்சைமுத்துவின் விரல்கள் நின்றன. தலை நிமிராமல் சொன்னார்:

"எனுக்கும் நாலு நாளா அப்டிதான் போவுது."

பூவை அப்படியே விட்டுவிட்டு அவரை ஆட்டோவில் ஏற்றினார் வள்ளியம்மை. தட்டோடு விழுவதற்கு முன்பே வந்துவிட்டார் என்று டாக்டர் மோனிகா சொன்னார். பத்து நாளில் பச்சைமுத்து திரும்பி வந்து கடை போட்டார்.

அந்தச் செய்தி பரவியதும் ஐந்து டப்பாக்கள் தாமாகவே வந்தன. மற்ற மூன்று வரவில்லை. பொடிக்காரன் மேல் துரைராஜ் எழுதிக் கொடுத்த புகார் எங்கே இருக்கிறதென்று தெரியாது. வள்ளியம்மையின் முழங்காலுக்கு இப்போது பாராசிட்டமால், அதுவும் அளவோடு. தடவ ஒரு களிம்பு, காலை நீட்டி மடக்கும் பயிற்சி. வலி முழுசாகப் போகவில்லை. டீச்சர் வீட்டுக்கு மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை அனந்தபுரம் பஸ் ஏறுகிறார். டீச்சர் காபி கொடுக்கிறார், டப்பாவைக் கொடுப்பதில்லை.