கடல் வற்றிய ஆடி அமாவாசை

அன்று காலை கடற்கரைக்குப் போனபோது அங்கே கடல் இல்லை. முதல்நாள் மாலை கார் நிறுத்துமிடத்து மதிலில் மோதிக்கொண்டிருந்த தண்ணீர் முழுவதும் எங்கோ போயிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஈர மணல். அதில் வரிவரியாக நெளிவுகள், அங்கங்கே கடற்பாசி, மிகத் தொலைவில் வெள்ளையாக ஒரு கோடு. கையில் செம்போடு அத்தான் அதைப் பார்த்தபடி நின்றார். "எங்கை போட்டுது?" என்று கேட்டார், வெளியே போன வீட்டுக்காரரை விசாரிப்பதுபோல. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு குளிர்கிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். வேல்ஸ் கடலோரத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் கடை வைத்திருந்தார். அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது உதவிக்கென்று மொன்றியலில் இருந்து நான் போயிருந்தேன். ஊரின் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. ஒரே ஒரு தெரு, கல்லில் கட்டிய ஒரு தேவாலயம், மீனும் சிப்ஸும் விற்கும் ஒரு கடை, அப்புறம் எங்கள் கடை. கோடையில் வெளியூர்க் குடும்பங்கள் வந்து நிறையும். அவர்களின் பிள்ளைகளுக்காக வாசலில் வாளியும் மண்வெட்டியும் இறால் வலையும் தொங்கும். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று அச்சடித்த சின்னப் புத்தகமும் காசு வாங்கும் மேசையில் இருந்தது. அத்தான் அதை விற்றாரே தவிர ஒருநாளும் விரித்துப் பார்த்ததில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. யாழ்ப்பாணத்துக் கடல் வைத்த இடத்தில் இருக்கும். ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும், அவ்வளவுதான். அதற்குப் போய் யாராவது புத்தகம் பார்ப்பார்களா.

அத்தானின் அம்மாவை நானும் மாமி என்றுதான் கூப்பிடுவேன். அவர் தன் மகளோடு மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி. மைனஸ் இருபதிலும் குளிர்த்தொப்பியைப் பொட்டு அழியாதபடி மேலே ஏற்றிவிட்டுத்தான் மெட்ரோவுக்கு நடப்பார். மாமா போர் முடிந்த நாட்களில் காணாமல் போனவர். விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொல்லி இராணுவத்தின் சோதனை வரிசையில் இருந்து அவரைத் தனியே கூப்பிட்டார்களாம். கையிலிருந்த பையை மாமியிடம் கொடுத்துவிட்டு, "நீ நட, நான் பின்னாலை வாறன்" என்று சொன்னாராம். அந்த வசனத்தை மாமி எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். "பொய் சொல்லாத மனிசன், பிள்ளை" என்று முடிப்பார். மாமாவுக்குத் திவசம் என்று யாராவது வாயெடுத்தால் அந்த வீட்டுப் படி அவர் பிறகு மிதிக்கமாட்டார்.

ஆனால் அந்தக் கோடையில் மாமா அத்தானின் கனவில் வரத் தொடங்கியிருந்தார். வந்து தண்ணீர் கேட்டார். ஒன்றுமே பேசாமல் கையை மட்டும் ஏந்தினாராம். அத்தான் எனக்கு அதைச் சொன்னபோது கடையில் பிஸ்கட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "செத்திருந்தால் அவருக்கு நான் தண்ணி இறைக்கோணும். மூத்த மகன் நான் இறைக்காட்டி ஆர் இறைக்கிறது? உயிரோடை இருக்கிறவருக்கு இறைச்சனெண்டால், என்ரை கையாலை நானே அவரைச் சாக்காட்டினமாதிரி." பெட்டிகளை அடுக்கி முடித்தார். பிறகு எல்லாவற்றையும் இறக்கித் திரும்ப அடுக்கினார்.

ஆடி அமாவாசைக்கு முதல்நாள் முடிவு செய்துவிட்டார். இலண்டனில் ஒரு ஐயரைத் தொலைபேசியில் கேட்டபோது, எள்ளும் தண்ணீரும் இறைத்தால் போதும் என்றாராம். வாழையிலைக்குப் பதிலாகக் கடையிலிருந்து ஒரு முட்டைக்கோவா இலை எடுத்தோம். அதன்மேல் எள்ளிட்ட சோற்று உருண்டைகள். அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தும் பாராதவள்போல இருந்தாள். மாமிக்குத் தெரியவே கூடாது என்பது யாரும் சொல்லாமலே எங்களுக்குள் முடிவாகியிருந்தது.

கடலைத் தேடி நடந்தோம். நீண்ட நடை. வழியில் வாய்க்கால் போன்ற ஒரு பள்ளம் குறுக்கிட்டது. அதில் கணுக்கால் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. கடைசியில் கடலின் விளிம்பில் அத்தான் நின்றார். இலையைக் கையில் ஏந்தியபடி நின்றுகொண்டே இருந்தார். தகப்பனின் பெயரைச் சொல்ல வேண்டும். வாய் திறக்கும், மூடும். நான் தள்ளி நின்றேன். பேச்சுச் சத்தமே இல்லாத அவ்வளவு பெரிய வெளியில் நான் அதற்கு முன் நின்றதில்லை. அங்கே நிற்பது நாங்கள் இருவர் மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தேன். கரையில் நாயோடு நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எங்களுக்கும் நடுவே, நாங்கள் கடந்து வந்த பள்ளத்தில், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தான், வாங்கோ" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. தண்ணீர் அவருடைய முழங்காலைத் தாண்டியிருந்தது. கடலைப் பார்த்தபடியே, மிகவும் சாதாரணமான குரலில் சொன்னார்: "நீர் நடவும். நான் பின்னாலை வாறன்."

அவருக்கு அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். மாமி அதை நம்பித்தான் நடந்தார். நான் நடக்கவில்லை. ஓடிப்போய் அவருடைய சேர்ட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். மரியாதையாவது மண்ணாவது. பள்ளத்தைக் கடக்கும்போது தண்ணீர் இடுப்புக்கு மேல் வந்தது. அதுவரை இலையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். நடுவில் கால் இடறியதும் இலை போனது, எள் போனது, செம்பும் போனது. கரையேறி மணலில் விழுந்து கிடந்தபோது மூச்சு வாங்கியபடி, "நான் குடுக்கேல்லை. அதுவாப் போனது" என்றார்.

கிழவி எங்களை நன்றாகத் திட்டினாள். அமாவாசையன்றுதான் இந்தக் கடல் கடைசித் தூரம்வரை போகும், போன வேகத்தைவிடக் கெதியாகத் திரும்பி வரும், இந்த ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் அது தெரியும் என்றாள். அமாவாசை என்று இவளுக்கு யார் சொன்னது என்று ஒரு கணம் நான் திகைத்துப் போனேன். பிறகு அவள் தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி அத்தானின் தோளில் போட்டுவிட்டு நாயோடு போய்விட்டாள்.

மொன்றியலுக்குத் திரும்பிய அன்றே மாமி கீழே இறங்கி வந்தார். பேரனின் படங்களை எல்லாம் பார்த்தார். கடைசியில் கேட்டார்: "அமாவாசைக்கு அவன் என்ன செய்தவன், பிள்ளை?"

"கடலைப் பாத்துக்கொண்டு நிண்டவர் மாமி."

என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். "நிக்கட்டும்" என்றார்.

போன மாசியில் மாமி நித்திரையிலேயே போய்விட்டார். அத்தான் வந்தார், தலை நன்றாக நரைத்திருந்தது. மொன்றியலை அடுத்த லவாலில் உள்ள மலர்ச்சாலையில் உடலைக் குளிப்பாட்ட முன்னர் ஐயர் வெளியே வந்து அத்தானிடம் மெதுவாகக் கேட்டார்: "அம்மா சுமங்கலியோ?" எந்தச் சேலை உடுத்துவது, பொட்டு வைப்பதா விடுவதா என்று உள்ளே பெண்கள் காத்திருந்தார்கள். நின்ற எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம். இத்தனை வருடங்களாக அந்த வீட்டில் ஒருவரும் கேட்கத் துணியாத கேள்வி அது. ஐயரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருடைய வேலை அப்படி. அத்தானின் வாய் திறந்தது, மூடியது. அன்று கடல் விளிம்பில் நின்ற அதே நிலை. பிடித்து இழுக்க என் கை எழும்பியதை நானே உணர்ந்தேன்.

"ஓம் ஐயா" என்றார்.

மாமியைக் கூறைச்சேலை உடுத்தி, பொட்டு வைத்து, பூச்சூடி அனுப்பினோம். அவ்வளவு அழகான முகத்தை நான் அதிகம் கண்டதில்லை.

எல்லாம் முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் காரின் கண்ணாடியில் இருந்த பனியை வெறுங்கையால் தள்ளினார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"இனித் தடுக்க ஒருத்தரும் இல்லைத்தானே, அத்தான். வாற ஆடியிலை நீங்கள் மாமாவுக்குச் செய்யலாம்."

அவர் கையை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"எப்பிடிச் செய்யிறது? அம்மாவைச் சுமங்கலி எண்டு என்ரை வாயாலை சொல்லியெல்லோ அனுப்பினனான். இனி நான் இருக்கிறவரைக்கும் அப்பா உயிரோடைதான்."