பதுளை மர்ஸூக் திறந்து வைத்த புரோகிராம்

பதுளை பஸ் நிலையத்தில் இறங்கி, கம்பியூட்டர்க்கார மர்ஸூக் எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். ஊரில் வேறு கம்பியூட்டர் கடைகள் இல்லாமல் இல்லை. அவர்கள் சாமான் விற்கிறார்கள். மர்ஸூக் புரோகிராம் எழுதுகிறார். அதுவும் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனிதர். "மேல படிச்சிருந்தா இண்டைக்கு ஏதாவது ஒப்பீஸ்ல பைல் தூக்கிட்டு இருந்திருப்பேன்" என்று எவரிடமும் சொல்வார். அது பெருமைதான். இருக்கட்டுமே, தன் கையால் முன்னுக்கு வந்தவன் வேறு எதைச் சொல்லுவான்?

முதலில் ரேடியோ திருத்தினார், பிறகு டிவி, பிறகு கம்பியூட்டர். நாற்பது வயதுக்கு மேல், முன்பின் தெரியாத ஆட்கள் இணையத்தில் சும்மா போட்டு வைத்திருந்த புரோகிராம்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து எழுதக் கற்றார். ரேடியோவைக் கழற்றிப் படித்தவருக்கு அது ஒரு வித்தையே இல்லை. அப்படிக் கற்றவர் என்பதால் தான் எழுதியதையும் திறந்தே வைத்தார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மாற்றியதை மறைக்கக் கூடாது. முதலில் எழுதியவன் பேரை அழிக்கக் கூடாது. ஓப்பன் சோர்ஸ் என்கிறார்களே, அதுதான்.

"புரோகிராமைச் சும்மா குடுத்துட்டு எனத்த விக்கப் போறீங்க?" என்று மனைவி றஷீனா கேட்பாள்.

"என்னைத்தான். தராசு நின்டா யாரைக் கூப்பிடுவாங்க?"

தராசு என்று அவர் சொன்னது தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசை. சிறு தோட்டக்காரர்கள் பறிக்கும் கொழுந்தை லொறிக்காரர்கள் நிறுத்து வாங்கி பெக்டரிக்குக் கொண்டுபோவார்கள். மர்ஸூக்கின் புரோகிராம், தராசு காட்டும் நிறையைத் தானே போனில் ஏற்றித் ரசீதுத் துண்டு அடித்துக் கொடுக்கும். நனைந்த கொழுந்து நிறை கூடக் காட்டும் என்பதால் நூற்றுக்கு இத்தனை என்று ஈரக் கழிவு வெட்டுவது வழக்கம். அந்தக் காலத்தில் லொறிக்காரர் ஆளின் முகத்தைப் பார்த்து வெட்டுவார். மர்ஸூக் அதற்குத்தான் பூட்டுப் போட்டார். காலையில் ஒரு கழிவு வைத்தால் பொழுது சாயும்வரை எல்லோருக்கும் அதுவேதான். அந்தப் பூட்டைப் பற்றிப் பேசாமல் அவர் யாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்ததில்லை.

நமுனுகுலைப் பக்கம் லொறி ஓட்டும் கிருஷ்ணராஜ் ஒரு நாள் கடைக்கு வந்து போனை மேசையில் வைத்தான்.

"மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. நான் பண்டாரவளை புரோகிராமுக்கு மாறிட்டேன். மத்த லொறிக்காரங்களும் மாறப் போறாங்க."

"எனத்துக்கு?"

"மேல மழை கொட்டுது, கீழ தெமோதரைப் பக்கம் வெயில் காயுது. உங்க புரோகிராம்ல ரெண்டுக்கும் ஒரே கழிவு. அதுல சாக்குக்குச் சாக்கு வேற வேற கழிவு போடலாங்க. போன வருசமே உங்ககிட்ட சொன்னேன். மழைக்கு நான் பொறுப்பில்லைனுட்டீங்க."

மர்ஸூக் போனை எடுத்துப் பார்த்தார். நிறம் வேறு, பேர் வேறு. வேண்டுமென்றே ஒரு இடத்தில் பிழையாக அழுத்தினார். 'அவசரப்படாதீங்க, திரும்ப ஒருக்கா பாருங்க' என்று எழுத்து வந்தது. உலகத்தில் வேறு எந்தப் புரோகிராமும் ஆளோடு அப்படிப் பேசாது. அவர் எழுதிய வசனம் அது.

"இது என்ட புரோகிராம்!"

"எனக்கு எப்படிங்க தெரியும்? ஸரூக்னுல்ல பேர் போட்டிருக்கு."

அன்று வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். லொறிக்காரர்கள் போனால் கடையில் பாதித் தொழில் போய்விடும். அதைவிட, தன் பிள்ளைக்கு இன்னொருவன் வாப்பா என்று நிற்பதுதான் நெஞ்சை அறுத்தது.

"திறந்து போட்டதும் நீங்க, களவு போச்சுன்னு கத்துறதும் நீங்க" என்றாள் றஷீனா.

மறுநாள் பண்டாரவளை பஸ் ஏறினார். ஸரூக்கின் கடைக்குக் கண்ணாடிக் கதவு.

"வாங்க நானா! பிளேன்டீ சொல்லவா?" என்று சொந்த அண்ணனை அழைப்பதுபோல் சிரித்துக்கொண்டு எழும்பினான் ஸரூக்.

"அது பிறகு. என்ட பேர் எங்க?"

ஸரூக்கின் சிரிப்பு ஒரு கணம் நின்று மறுபடி வந்தது. "யாரும் எடுக்கலாம்னு நீங்கதானே எழுதி வெச்சீங்க?"

"கதவைத் திறந்து வெச்சது வந்து சாப்பிட. சட்டியோட தூக்கிட்டுப் போய், நான் ஆக்கின கறின்னு விக்க இல்ல. மாத்தினதைக் காட்டு."

"காட்டினா நாளைக்கு இன்னொருத்தன் எடுப்பான். பிறகு எனக்கு எனத்த மிச்சம்?"

"பெரகலையில தராசு நின்டா ஒன்னைத்தான் திருத்தக் கூப்பிடுவாங்க, ஒனக்குக் கிட்ட. நமுனுகுலையில நின்டா எனக்குக் கிட்ட. அதுதான் மிச்சம். மறைச்சா லொறி லொறியா ஏறிச் சொல்லுவேன், இவன்ட கறி என்ட அடுப்புலதான் வெந்ததுன்னு."

ஸரூக் திரையைத் திருப்பினான். மர்ஸூக் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். வேலை சுத்தமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இன்னும் கீழே போனதும் முகம் மலர்ந்தது.

"ஆ! இதுல அஞ்சுன்னு போட்டாலும் போகும், அம்பதுன்னு போட்டாலும் போகும். துண்டுல கடைசி நிறை மட்டும்தான். எத்தனை வெட்டினாங்கன்னு கொழுந்து கொண்டு வந்தவளுக்கு எப்படித் தெரியும்?"

"லொறிக்காரன் கேட்டான், செஞ்சேன்."

"அதுக்குத்தான் நான் பூட்டு வெச்சது!"

"ஒங்கட பூட்டால வெயில்ல நின்டவளுக்கும் மழை வெட்டு விழுந்திச்சே, நானா."

மர்ஸூக் திரையில் அந்த இடத்தைத் திரும்ப ஒருக்கா பார்த்தார். பிளேன்டீ வந்தது, குடித்தார். பிறகு நாற்காலியை ஸரூக் பக்கம் இழுத்துப் போட்டார். நண்பகல் லுஹர் தொழுகைக்கு எழும்புவதற்குள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: சாக்குக்குச் சாக்கு கழிவு போடலாம், ஆனால் ஒரு அளவுக்கு மேல் புரோகிராம் ஏற்காது, தராசு காட்டிய நிறை, வெட்டியது, மிஞ்சியது மூன்றும் துண்டில் விழ வேண்டும்.

"பேர்?" என்றான் ஸரூக்.

"மேல என்ட. கீழ ஒன்ட."

"ஒரே அளவு எழுத்துல?"

"கொஞ்சம் சின்னதா."

புதிய புரோகிராமோடு மர்ஸூக் தானே நமுனுகுலைக்கு ஏறினார். கிருஷ்ணராஜின் போனில் ஏற்றி முடித்ததும் முதல் சாக்கு கருப்பம்மா என்ற சிறு தோட்டக்காரியுடையது. அவள் துண்டை வாங்கிக் கண்ணருகே பிடித்தாள்.

"இந்த எட்டு என்னது?"

"ஈரக் கழிவு அக்கா, நூத்துக்கு எட்டு" என்றான் கிருஷ்ணராஜ்.

"எங்கடா ஈரம்? மழையே இல்ல. பனி காஞ்ச பொறகுதான் பறிச்சேன். கைய விட்டுப் பாரு."

கிருஷ்ணராஜ் சாக்குக்குள் முழங்கைவரை விட்டான். வெளியே எடுத்த கையைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை. எட்டை இரண்டாக்கிப் புதுத் துண்டு அடித்தான்.

"முந்தி இந்தச் சண்டையே இல்ல மொதலாளி. புரோகிராம் வெட்டுதுனு சொல்லிட்டுப் போயிருவேன்."

"இனிச் சொல்ல ஏலாது. வேணாம்னா இப்பவே கழட்டுறேன்."

கிருஷ்ணராஜ் துண்டைப் பார்த்தான். மேலே பெரிதாக மர்ஸூக், பதுளை. கீழே ஸரூக், பண்டாரவளை.

"இருக்கட்டுங்க. மழையன்னிக்குக் கூடுதலா வெட்டினாலும் இனி காரணம் கேக்க மாட்டாங்க, துண்டே சொல்லிரும்."

அவன் அப்படிச் சொல்லி முடிப்பதற்குள், வரிசையில் நின்ற பெண்கள், அவன் கையை விட்டுப் பார்க்கட்டும் என்று, தங்கள் சாக்குகளின் கட்டை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள்.