வாயைத் திறக்காத பல்லுக்காரி

அந்தப் பல் மருத்துவமனையில் டாக்டர்கள் முன்பக்கம் இருந்தார்கள். பற்கள் பின்பக்கத்திலிருந்து வந்தன. பின்பக்கத்து அறையில் பதினேழு வருடமாக அடுத்தவர் வாய்க்குப் பல் செய்துகொண்டிருந்தவளை எல்லோரும் முகத்துக்கு நேரே பல்லுக்காரி என்றார்கள், முதுகுக்குப் பின்னால் ஊமைக்கோட்டான் என்றார்கள். இரண்டும் அவள் காதுக்கு வந்திருந்தன. இரண்டாவதில் அவளுக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அந்தப் பெயர் பாதிப் பேரை அறை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

அறையில் ஒரு ஜன்னல், ஒரு தொட்டி, பிளாஸ்டர் படிந்த நீள மேசை, மெழுகு உருக்க ஒரு சின்ன விளக்கு. அலமாரி முழுக்க வாய் அச்சுகள். எல்லாம் வாயைத் திறந்துகொண்டு, ஆனால் சத்தமில்லாமல் இருந்தன. இந்த அச்சுகளின் சொந்தக்காரர்களும் இப்படியே இருந்து தொலைந்தால் என்ன என்று அவள் பலமுறை நினைத்திருக்கிறாள்.

மனிதர்கள் பேசுவதில் முக்கால்வாசி பேச்சே இல்லை என்பது அவள் தீர்மானம். சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருப்பவளிடம் வந்து "சாப்பிட்டாச்சா?" என்பார்கள். மழையில் நனைந்து வந்து நிற்பவளிடம் "வெளியில மழையா?" என்பார்கள். கண் எதற்கு இருக்கிறது? கேட்கிறவனுக்குப் பதிலும் வேண்டாம். நாக்கு நமநமக்கிறது, சொறிந்துகொள்கிறான்.

அக்கா வீட்டில் இதைவிட மோசம். "பொண்ணாப் பொறந்தவ நாலு பேர்கிட்ட சிரிச்சுப் பேச வேண்டாமா? உம்முன்னு உக்காந்திருந்தா உன்னை எவன் மதிப்பான்?" என்று ஆரம்பித்துவிடுவாள் அக்கா. அத்தான் அதே பழைய ஜோக்கைப் பதினோராவது தடவை சொல்லிவிட்டு, இவள் சிரிக்கிறாளா என்று குனிந்து பார்ப்பார். ஒரு மணி நேரம் தாங்குவாள். பிறகு துணி எடுக்கிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். கூட்டத்திலிருந்து வீடு திரும்பினால் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி ஆகிவிடுவாள். அதே உடம்பு, ஒரே ஒரு கடைவாய்ப் பல்லோடு ஆறு மணி நேரம் அரத்தைப் பிடித்து உட்கார்ந்துவிட்டு எழுந்தால் குளித்து வந்ததுபோல் இருக்கும். இருபத்தைந்து வயதில் இது ஏதோ குறை என்று நம்பி, கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகியிருக்கிறாள். கண்ணாடியில் தெரிந்தவளைப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டாள்.

அந்த வருடம் பெரிய டாக்டரின் மருமகன் நிர்வாகத்துக்கு வந்தார். வந்த முதல் நாளே, "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார். இருக்கிற குடும்பமே போதாதா என்று நினைத்துக்கொண்டாள் பல்லுக்காரி. இரண்டாம் மாதம் ஒரு பயிற்சியாளரைக் கூட்டி வந்தார். மொத்தமே பதினோரு பேர் இருந்த அறைக்கு அந்த ஆள் மைக் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"ஒவ்வொருத்தரா எழுந்து நின்னு, ரெண்டே நிமிஷம், மனசத் திறந்து பேசணும்! கை தட்டுங்க!"

எதற்கு என்று தெரியாமலே தட்டினார்கள். வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் முதலில் எழுந்து சிரித்துச் சிரித்துப் பேசினாள். பல்லுக்காரி மனதுக்குள் அவளுக்கு வைத்திருந்த பெயர் கிளி. காலையிலிருந்து சாயங்காலம்வரை வாய் மூடாத ஜென்மம். அடுத்து இவள் முறை.

"நான் பல் செய்யறேன். நல்லா செய்யறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

"அவ்வளவுதானா மேடம்? இன்னும் ஒன்னே முக்கால் நிமிஷம் மிச்சம் இருக்கே!"

"அதை நீங்களே வச்சுக்கங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பயிற்சியாளர் முகம் சுருங்கி விரிந்தது. "பாத்தீங்களா? இதுதான் பயம். இவங்க ஒரு இன்ட்ரோவெர்ட். கவலைப்படாதீங்க, சரி பண்ணிடலாம்" என்றார், சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்த குரலில்.

"எனக்குப் பயம் இல்ல சார். அலுப்பு. ரெண்டும் வேற வேற."

மறுநாளே மருமகன் உத்தரவு போட்டார். பல் வேலையை வெளியே கொடுத்தாகிவிட்டது, ஒரு மாதம் பல்லுக்காரி வரவேற்பு மேசையில் கிளியோடு உட்கார வேண்டும். "நாலு பேரோட பழகினா தானா சரியாயிடும்."

உட்கார்ந்தாள். வருகிறவர்கள் பல்வலியோடு பரம்பரைக் கதையையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு நாள் முழுக்கக் கேட்டதைச் சல்லடையில் சலித்தால் தேறுவது இரண்டே வாக்கியம்: எந்தப் பல், எப்போது வர வேண்டும். கன்னம் வீங்கி வாயே திறக்க முடியாமல் ஒருவர் வந்தார். அவள் பார்த்ததிலேயே உத்தமமான நோயாளி அவர்தான். சாயங்காலம் தலை விண்விண் என்று தெறிக்கும். வீட்டுக்குப் போய் விளக்குகூடப் போடாமல் படுத்துக்கொள்வாள்.

இரண்டாவது வாரம், மதியம், படிவக் கட்டு எடுக்கச் சாமான் அறைக்குப் போனவள் திடுக்கிட்டாள். இருட்டில், ஓர் அட்டைப் பெட்டிமேல், சுவரைப் பார்த்தபடி கிளி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒன்னுமில்லக்கா. ஒரு பத்து நிமிஷம் யாரும் என்கிட்ட பேசாம இருந்தாப் போதும்."

"உனக்குத்தான் பேசறதுன்னா உயிராச்சே?"

"யாருக்கா சொன்னது? இங்க உக்கார வச்சாங்க, பேசறேன். வீட்டுக்குப் போனா வாயே திறக்கறதில்ல. நாக்கை ஆபீஸ்லயே கழட்டி வச்சுட்டு வந்துட்டியான்னு எங்கம்மா திட்றாங்க."

பல்லுக்காரிக்குச் சுருக்கென்றது. தன்னைப் போல் ஒருத்தி ஏழு வருடமாகப் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள், அவளைக் கிளி என்று இளக்காரம் செய்துகொண்டு இருந்திருக்கிறோம். ஊமைக்கோட்டான் என்றவர்களுக்கும் தனக்கும் என்ன பெரிய வித்தியாசம்? அந்த நினைப்பு அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே காவலுக்கு நின்றாள். மருமகன் வந்து "அந்தப் பொண்ணு எங்க?" என்றபோது, "தெரியாது" என்று கூசாமல் பொய் சொன்னாள்.

மூன்றாவது வாரம் வெளியே செய்த பற்கள் திரும்பி வரத் தொடங்கின. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் "சார்" என்று கூப்பிட்டதும் அவருடைய பல் செட் மேசைமேல் வந்து விழுந்தது. இன்னோர் அம்மாவுக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் விசில் அடித்தது. ஐந்தாவது ஆள் வந்து கத்திவிட்டுப் போன பிறகு, பெரிய டாக்டரே எழுந்து வரவேற்பு மேசைக்கு வந்தார்.

"நீ உள்ள போம்மா. உன் வேலையைப் பாரு."

"போறேன் டாக்டர். ஆனா அறைக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேணும். சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்க. மனசத் திறக்கற கூட்டத்துக்கெல்லாம் என்னைக் கூப்பிடக் கூடாது."

"இவ்வளவு பேசுவியா நீ?"

"தேவைப்பட்டா பேசுவேன். இன்னொன்னும் இருக்கு. தினம் மத்தியானம் அரை மணி நேரம் இந்தப் பொண்ணு என் அறையில உக்காருவா. அந்த நேரம் உங்க மருமகன் இங்க உக்காரட்டும். அவருக்குத்தான் எல்லாரும் குடும்பமாச்சே."

பெரிய டாக்டர் மீசைக்குள் சிரித்தார். மருமகனுக்கு வேறு வழியில்லை, உட்கார்ந்தார். மூன்றாம் நாளே ஒரு நோயாளியிடம், "ஒரு தடவ சொன்னாப் புரியாதா?" என்று அவர் எரிந்து விழுந்தது பின்னறைவரை கேட்டது. தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாதக் கடைசியில் பயிற்சியாளரிடமிருந்து எல்லோருக்கும் சான்றிதழ் வந்தது. தங்க நிற ஓரம் போட்டு, 'மனத்தடைகளைத் தகர்த்தவர்' என்று அச்சடித்திருந்தார்கள். பல்லுக்காரி அதை இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள். கெட்டித் தாள், வழவழப்பு, சீக்கிரத்தில் ஈரம் இறங்காது. மேசைமேல் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, தலைமையாசிரியரின் புதுப் பல் செட்டுக்குப் பிளாஸ்டர் கலக்க ஆரம்பித்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவள் தன்னுடைய சான்றிதழையும் எடுத்து, கிண்ணத்துப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.