அண்ணன் கொண்டுவந்த கேத்தல்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்களில் பாதிப்பேர், முன்பக்கத்துப் படத்தைப் பார்த்த கையோடு உள்ளே ஒரு விஷயத்தைத் தேடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். "அவர் கடைசியில் மதம் மாறிட்டாராமே, உண்மையா?" என்று ஊரில் கதைத்தது என் காதிலும் விழுந்தது. உண்மையில்லை. அண்ணன் கிறிஸ்தவராகப் பிறந்து, மிஷனரியாக உழைத்து, கிறிஸ்தவராகவே கண்ணை மூடினார். அந்தக் கதையை முதலில் கிளப்பியது யார் என்பதையும் மறைக்கப் போவதில்லை. அது நான்தான்.

கல்முனையில் கடற்கரைக்குக் கிட்ட இருந்த எங்கள் பழைய வீட்டில் அண்ணன் பிறந்தார். அவரும் நானும் இரண்டே பிள்ளைகள். அவருக்கு எவரையும் நம்புகிற குணம். எனக்கு எவரையும் நம்பாத குணம். அம்மா மீன் வாங்க என்னைத்தான் அனுப்புவா, செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் வாங்க மாட்டேன் என்று. அண்ணனை அனுப்பினால் நேற்றைய மீனோடு, அதை விற்றவரின் வீட்டுக் கஷ்டத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வருவார்.

படித்து ஆஸ்பத்திரியில் தாதியானார். சுனாமியில் கடல் வந்த நாளில் அப்பாவையும் அம்மாவையும் ஒன்றாகப் பறிகொடுத்தோம். அப்பாவின் உடலைத் தேடி எடுத்துத் தந்தவர், அண்ணனோடு ஒன்றாகப் படித்த மருதமுனை முஸ்லிம் நண்பர். தறி வைத்து நெசவுத் தொழில் செய்தவர். அவர்கள் அண்ணனை அழைப்பதுபோல நானும் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவேன். இரண்டு வருஷம் கழித்து அண்ணன், மேற்கு ஆபிரிக்காவில் காம்பியா நாட்டுக் கிராமம் ஒன்றுக்கு மிஷனரியாகப் போகிறேன் என்று வந்து நின்றார். கலியாணமும் கட்டாமல், இருந்த வேலையையும் விட்டுவிட்டு இவ்வளவு தூரம் போவதென்றால் எதையோ மறைக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

கடிதம் ஒழுங்காக வரும். "நலம்" என்று ஒரு தரம் எழுதியிருந்தால் நம்புவேன், இரண்டு தரம் எழுதியிருந்தால் காய்ச்சலாக்கும் என்று நினைப்பேன். விடிய முன் எழும்பி, அடிபம்பு வரிசையில் பெண்களுக்குப் பின்னால் நின்று தண்ணீர் எடுப்பாராம். மூக்கு வைத்த ஒரு கேத்தல் தண்ணீரில் முகம், கை, கால் எல்லாம் கழுவி முடிக்க வேண்டும். விடிந்தால் மண்சுவர்ச் சிகிச்சை நிலையத்தின் மர வாங்கில் ஆட்கள் குந்தி நிறைந்துவிடுவார்கள். புண்ணுக்கு மருந்து கட்டுவது, பிள்ளைகளை நிறுப்பது, காய்ச்சல்காரருக்கு இரத்தம் குத்திப் பார்ப்பது. எதைத் தொடங்கமுன்னும் ஆட்டுக்குட்டி வரைக்கும் சுகம் விசாரித்தாக வேண்டும், அது அவ்வூர் வழக்கம். பகலைக்குச் சோறும் கச்சான் கடலை அரைத்த குழம்பும். ஞாயிற்றுக்கிழமை மாமரத்தடியில் ஆராதனை. "ஆறு பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் நிழலுக்கு வந்தவர்கள்" என்று எழுதியிருந்தார்.

தொடக்கத்தில் அவ்வூர் முஸ்லிம் மக்கள் இவரைக் கொஞ்சமும் நம்பவில்லை. பெண்சாதியில்லாத அந்நியன், கொப்பியில் பிள்ளைகளின் பெயர் எழுதுகிறான், மதம் மாற்றத்தான் என்று தாய்மார் பொய்ப் பெயர் கொடுத்தார்களாம். வாசித்தபோது, அந்தப் பெண்களை எனக்கு மெத்தப் பிடித்துப்போனது. பத்தாம் நாள் ஊர்த்தலைவர் வந்து வாங்கில் குந்தி, எல்லோருக்கும் முன்னால் கேட்டாராம்: "தாயை விட்டுவிட்டு ஏன் வந்தாய்? ஊரில் என்ன குற்றம் செய்தாய்?" தாயைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று அண்ணன் சொன்னார். தலைவர் எழும்பிப் போனார். பகல் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்.

ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர். மருதமுனைக் கலியாண வீடுகளில் சஹன் என்ற பெருந்தட்டைச் சுற்றிக் குந்திச் சாப்பிட்டு வளர்ந்த அண்ணன், தன் பக்கத்துச் சோற்றை மட்டும் வலக்கையால் எடுத்துச் சாப்பிட்டார். இறைச்சித் துண்டுக்குக் கை நீட்டவில்லை. "இவனை யாரோ ஒழுங்காக வளர்த்திருக்கிறார்கள்" என்றாராம் தலைவர். அந்தக் கடிதத்தின் அடியில் அண்ணன் எழுதிய வரி இது: "இவர்கள் சந்தேகப்பட்டால் முகத்துக்கு நேரே வந்து கேட்கிறார்கள். நம்மவர்கள் அடுத்த வீட்டில் கேட்பார்கள்."

பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு, இருதயம் பலவீனமாகித் திரும்பி வந்தார். எங்கள் வீட்டு முன்னறையைக் கொடுத்தோம். பெட்டியை அவிழ்த்தது நான்தான். நான்கு உடுப்பு, வேதாகமம், ஒரு பாய், பச்சைக் கோடு போட்ட பிளாஸ்டிக் கேத்தல் ஒன்று. பள்ளிவாசலில் விடியற்காலைச் சுபஹுப் பாங்கு சொல்லும்போது எழும்புவார். கிணற்றடியில் அந்தக் கேத்தலால் கை, முகம், கால் கழுவுவார். பிறகு பாயை விரித்து முழங்காலில் இருப்பார். நான் பாயைப் பார்த்தேன். அதன்மேல் விரித்திருந்த வேதாகமத்தைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை பதினொரு மணியானால் கேத்தலை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். எங்கே என்றும் சொல்வதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டோ பிடித்துப் பின்னால் போனேன். பாண்டிருப்பைத் தாண்டி மருதமுனையில் இறங்கினார். வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக ஆண்கள் பள்ளிவாசல் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். அண்ணனும் பையோடு அதே ஒழுங்கைக்குள் நுழைந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. "திருப்புங்க தம்பி" என்றேன். ஐந்து நிமிஷம் பொறுத்திருந்தால் அவர் எந்த வாசலில் ஏறினார் என்று கண்டிருப்பேன்.

வீட்டுக்குப் போன கையோடு, சபைக் குழுவிலிருந்த ஒரு அக்காவிடம் "ஒருத்தரிட்டயும் சொல்லிராதீங்க" என்று தொடங்கி எல்லாம் சொன்னேன். அப்படித் தொடங்கிய கதை எங்கே நின்றிருக்கிறது? அடுத்த மாதப் பிரசங்க அட்டவணையில் அண்ணனின் பெயர் இல்லை. வேதபாடம் வாசிக்கவும் கூப்பிடவில்லை. அவர் ஏனென்று கேட்கவில்லை. அன்றிலிருந்து கடைசி வாங்கில் போய் இருந்தார். ஐந்து வருஷம் அப்படியே இருந்தார். நானும் நாலாவது வாங்கில் இருந்து பாட்டுப் பாடிக்கொண்டுதான் இருந்தேன்.

சென்ற வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களில், ஒரு பின்னேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னட்ட ஏதும் கேக்கணுமா புள்ள?" என்றார்.

"ஒண்டுமில்ல, அண்ணன். கஞ்சி குடிக்கிறீங்களா?" என்றேன்.

"ஓம், தா" என்றார். மறுநாள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, காக்காவின் மகன் வாசல் படலையில் வந்து நின்றார். "அன்ரி, வாப்பா அனுப்பினாரு. மாமாட கேத்தல் இருந்தா தரச் சொன்னாரு." இது என்ன புதுக் கதை என்று சந்தேகப்பட்டு, கேத்தலைக் கொடுக்காமல் நானே கொண்டு போனேன்.

காக்கா கட்டிலில் கிடந்தார். ஆறு வருஷத்துக்கு முன் வந்த வாதத்தில் வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டதாம். எனக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். பிறகு அவரே கதைத்தார்.

"ஜும்ஆத் தொழுகைக்குப் போக ஏலாட்டியும், ஜும்ஆ நாளையில குளிக்காம கிடக்க மனம் வரல்ல தங்கச்சி. பெத்த புள்ளையள் என்னை உரிஞ்சு பாக்கிறது வெக்கமா இரிந்திச்சி. உங்கட அண்ணன்தான் குளிப்பாட்டி, சாரன் உடுத்தி, இந்தக் கேத்தலால கை முகம் கழுவுற வுழூவுக்குத் தண்ணி ஊத்துவாரு. நான் கிப்லாப் பக்கம் திரும்பிக் கிடந்து தொழுவன். அவரு அந்த மூலையில கண்ண மூடிக்கொண்டு அவர்ர ஜெபத்தச் சொல்லுவாரு. அங்க ஆபிரிக்காவில கிழவன்மாருக்குச் செஞ்சு பழகினதாம்."

கேத்தலை அவர் கட்டிலடியில் வைத்துவிட்டுக் கேட்டேன்: "ஏன் காக்கா என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லல்ல?"

"நான்தான் ஆருக்கும் சொல்லாதீங்க எண்டன். ஊர் என்ன கதைச்சதெண்டும் தெரியும், ஆரால வந்ததெண்டும் அவருக்குத் தெரியும். 'தங்கச்சி கேட்டா மட்டும் சொல்லுவன், அதுக்கு விடுங்க' எண்டாரு. ஓம் எண்டு சொன்னன். ஒவ்வொரு வெள்ளியும் கேப்பன், தங்கச்சி கேட்டாவா எண்டு."

ஒரே மேசையில் ஆறு வருஷம் சாப்பிட்டோம். ஓட்டோக்காரரிடம் கேட்டேன், பஸ் கொண்டக்டரிடம் கேட்டேன், பக்கத்து வீட்டில் கேட்டேன். அண்ணனிடம் மட்டும் கேட்கவில்லை.

காக்காவின் அனுமதியோடு இதை எழுதுகிறேன். "எழுதுங்க, இனி எனக்கென்ன வெக்கம்" என்றார். சபைக் குழுவின் முன்னும் எழும்பி நின்று சொன்னேன். கேத்தலை அங்கேயே விட்டு வந்தேன், இப்போது மகன் தண்ணீர் ஊற்றுகிறார்.

அண்ணனைக் கடைசிவரை பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், அடக்க ஆராதனையை நடத்திய போதகருக்கும், சோறு சமைத்துத் தந்த அயலவருக்கும், அடக்கம் செய்த சேமக்காலையின் வாசல்வரை கூட நடந்துவந்து நின்ற மருதமுனைச் சகோதரர்களுக்கும், செய்தி கேட்டுத் தங்கள் மொழியில் அழுது குரல்பதிவு அனுப்பிய அந்தக் கிராமத்தாருக்கும் எங்கள் நன்றி.

இவ்வளவு வாசித்த பிறகும் எவருக்காவது அண்ணனைப் பற்றி ஒரு சந்தேகம் மிஞ்சியிருந்தால், அந்த ஊர்த்தலைவர் செய்ததைச் செய்யுங்கள். வீட்டுக்கு வாருங்கள், என் முகத்துக்கு நேரே கேளுங்கள். பதில் சொல்ல நான் இருக்கிறேன். நான் கேட்பதற்குத்தான் அண்ணன் இல்லை.

— தங்கை