டிரைவர் பக்கக் கதவு

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஐப்பசி மழை பிடிப்பதற்குச் சில நாட்கள் முன்பு நடந்தது இது. இடம், காஞ்சிபுரத்துக்கு வெளியே பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஜீப் ஒர்க்‌ஷாப். ஜீப்புக்கு டயர் மாற்றப் போன இடத்தில் அப்படி என்ன பெரிதாக நடந்துவிடும் என்று நானும் நினைத்துக்கொண்டுதான் போனேன்.

நாங்கள் இருப்பது பிள்ளையார்பாளையத்தில். என் கணவர் பட்டுப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பவர். நான் திருப்புட்குழிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியை. எங்களிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது, நான்கு சக்கரமும் இழுக்கிற வகை. கல்யாணமான புதிதில் அவர் ஆசை ஆசையாக வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நண்பர்களோடு பாலாற்று மணலுக்கோ, காய்ந்து கிடக்கும் ஏதாவது ஏரிக்கோ கிளம்பிவிடுவார். மத்தியானம் திரும்பி வரும்போது வண்டியும் ஆளும் ஒரே நிறத்தில் இருப்பார்கள்.

அப்புறம் ஒரு நாள் அவர் பைக்கில் போகும்போது லாரி மோதிவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. செயற்கைக் கால் வைத்து, விழுந்து எழுந்து பழகி, வீட்டுக்குள் கைத்தடி இல்லாமல் நடக்கும் அளவுக்குத் தேறினார். வேலையையும் விடவில்லை. ஜீப்பின் பக்கம் மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை. வித்துடலாமா என்று ஒரு முறை கேட்டேன். "இருக்கட்டும்மா" என்றார். அதோடு சரி.

கடைசியில் நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்குப் போகிற ஏரிக்கரைப் பாதையில் மழைக்காலத்தில் ஸ்கூட்டர் ஓட்டுவது முடியாத காரியம். எங்கள் தெருவில் காலையில் பட்டு இழைகளைப் பாவாக நீட்டிக் கட்டியிருப்பார்கள். ஒரு இழை மேலேயும் கண்ணாடி உரசாமல் அந்தப் பக்கமாக ஜீப்பை நகர்த்திக்கொண்டு போனதுதான் எனக்கு நிஜமான டிரைவிங் டெஸ்ட். தினமும் அவரைக் கீரை மண்டபம் பக்கம் அவருடைய ஆபீசில் விட்டுவிட்டு நான் பள்ளிக்குப் போவேன். அவர் ஏறும்போது நான் இந்தப் பக்கம் இறங்கிச் சுற்றிப் போய் தோளைக் கொடுப்பேன். அவர் கேட்டதில்லை. கொடுத்தால் மறுத்ததும் இல்லை.

அதற்கு முந்தின மழையில் ஏரி நிரம்பி, கலங்கலில் வழிந்த தண்ணீர் பள்ளிக்கூடப் பாதையைத் தாண்டி ஓடியது. அதில் இறங்கினபோது வண்டியின் அடிப்பாகம் கல்லில் மோதி ஒரே சத்தம். போதாக்குறைக்கு டயர்களும் தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டன. அடுத்த மழைக்குள் மாற்றியாக வேண்டும் என்றேன்.

அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "டயர் மாத்தற சாக்குல வண்டியையும் தூக்கிடலாம்மா. நாலு இன்ச்" என்றார்.

ஸ்பிரிங், ஷாக் எல்லாம் மாற்றி வண்டியின் உடம்பை உயர்த்துவதைத்தான் தூக்குவது என்பார்கள். தண்ணீரும் கல்லும் அடியில் தட்டாது. பெரிய டயரும் போட்டுக்கொள்ளலாம். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. அவர் கம்ப்யூட்டரில் மயிலும் மாங்காயும் வரைகிற கட்டங்களில் எங்கள் ஜீப்பை வரைந்தார். சக்கரங்களைப் பெரிதாக்கினார். உடம்பைக் கட்டம் கட்டமாக உயர்த்தினார். "இந்த டயர் பாரு, இதோட பல்ல பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். விபத்துக்குப் பிறகு ஒரு பொருளை அவர் தனக்கென்று கேட்டது அதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு எப்படி வாய் வரும்? ஆனால் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. இப்போதே தோள் வேண்டியிருக்கிறது. இன்னும் நாலு இன்ச் ஏறினால்? பெரிய டயர் போட்டால் அது வேறு கொஞ்சம் உயரும். சரி, நாம்தான் இருக்கிறோமே, தூக்கி ஏற்றிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். மெக்கானிக் நடுத்தர வயதுக்காரர், வேலை தெரிந்தவர். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதைத்தான்.

"தினம் ஓட்ற வண்டியா, சண்டே வண்டியா சார்?"

"தினம்தான்" என்றேன் நான்.

"அப்ப யோசிச்சி செய்ங்க. நாலு இன்ச் தூக்கணும்னா ஸ்பிரிங் மட்டும் மாத்துனா பத்தாது. அடியில ஓட்ற ராடு, ஷாஃப்ட்டு எல்லாம் சாய்வு மாறிடும், அதையும் சரி பண்ணணும். திருப்பத்துல வண்டி சாயும். டயரு ரொம்ப பெருசா போட்டா ஆர்.டி.ஓ. ஆபீசுல எஃப்.சி. வாங்கப் போகும்போது கேள்வி வரும். ரெண்டு இன்ச்சுன்னா தொல்ல இல்ல."

"உங்களால நாலு பண்ண முடியுமா, முடியாதா?" என்றார் என் கணவர்.

"முடியும் சார், ஏன் முடியாது?" என்றவர், அவருடைய கைத்தடியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சாரு ஏறுறதுக்கு ஒரு படி வச்சிக் குடுத்துடலாம் மேடம்" என்றார்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பக்கத்திலேயே நிற்பவரை விட்டுவிட்டு என்னிடம் சொன்னார். என் கணவரின் முகம் சுருங்கிவிட்டது. "படியெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோனார்.

அவர் போய் நின்றது இன்னொரு ஜீப்பின் முன்னால். கரும்பச்சை நிறம். நாலு இன்ச் தூக்கியது. டயர்கள் என் இடுப்புக்கு வந்தன. கம்ப்யூட்டரில் அவர் வரைந்த வண்டி அப்படியே எழுந்து வந்து நிற்கிற மாதிரி இருந்தது. அதன் சொந்தக்காரர் ஸ்டியரிங் ஆடுகிறது என்று சரி பார்க்க வந்திருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஏதோ கம்பெனியில் ஷிப்ட் வேலை போலிருக்கிறது, கம்பெனிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார்.

என் கணவர் டயரைத் தடவிப் பார்த்தார். அந்த இளைஞர் முதுகில் தொங்கிய துணிப்பையைச் சரி செய்துகொண்டே அவர் பக்கத்தில் வந்தார்.

"எப்டி இருக்குது தம்பி, மட் டயரு?" என்று கேட்டார் என் கணவர்.

"சேத்துல ராஜாண்ணா. ஆனா தார் ரோட்டுல பவர்லூம் ஷெட்டுக்குள்ள உக்காந்த மாதிரி சத்தம். மழையில பிரேக் அடிச்சா ஒரு செகண்டு மூச்சு நின்னுடும்" என்று சிரித்தார். "ஏறிப் பாருங்களேன். வண்டி தெறந்துதான் இருக்குது."

நான் உடனே கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போனேன். அந்தத் தம்பி என் பக்கம் திரும்பி, "அக்கா, வாங்க, ஒரு டீ சாப்பிடலாம். எனக்கும் துணைக்கு ஆள் இல்ல" என்றார்.

"இல்லப்பா, அவர் ஏறணும்..."

"அண்ணா ஏறுவாரு. நீங்க வாங்க."

குரலில் மரியாதை இருந்தது. ஆனால் விடுவதாகவும் இல்லை. போகிற போக்கில் மெக்கானிக்கையும் ஏதோ நட்டு போல்ட்டு கேட்டுக் கடைக்குள் அனுப்பிவிட்டார். நான் கணவரைப் பார்த்தேன். "போயேன்மா" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

டீக்கடை ரோட்டுக்கு இந்தப் பக்கமே, கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஒர்க்‌ஷாப்புக்கு முதுகு காட்டுகிற மாதிரி ஒரு பெஞ்ச். அந்தத் தம்பி என்னை அதில் உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் அதே பக்கம் உட்கார்ந்தார். டீ வந்தது. எனக்கு இறங்கவில்லை. திரும்பிப் பார்க்கப் போனேன்.

"திரும்பாதீங்கக்கா. நீங்க பாக்கறது அவருக்குத் தெரியும்."

"அவருக்கு இடது கால் கிடையாதுப்பா. செயற்கைக் கால்."

"பாத்தேன்க்கா."

"விழுந்துட்டா?"

"கீழ மண்ணுதான். நானே அதுலருந்து ரெண்டு தடவ விழுந்திருக்கேன், ரெண்டு கால வச்சிக்கினே" என்றார். "முடியலன்னா கூப்புடுவாரு. இல்ல, ஹாரன் இருக்குது."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் இவர்? என் வீட்டுக்காரரைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? மாடிப்படியில் அவர் சறுக்கி விழுந்தபோது நான் பட்ட பாடு இவருக்குத் தெரியுமா? எழுந்து போய்விட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் "போயேன்மா" என்று அவர் சொன்ன விதம் என்னை எழ விடவில்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அந்தத் தம்பி டயருக்குக் காற்று எவ்வளவு வைப்பது, மணலில் எவ்வளவு குறைப்பது என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை என் காதில் ஏறவில்லை. பின்னாலிருந்து ஒரு சத்தம் வருகிறதா என்று முதுகாலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். தகரம் தட்டுகிற மாதிரி ஏதோ கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை.

திடீரென்று ஹாரன் அலறியது.

டீ கிளாஸை எங்கே வைத்தேன் என்று தெரியாது. ஓடினேன். போகும்போதே அவர் தரையில் கிடப்பதாக என் மனக்கண்ணில் தெரிந்துவிட்டது. ஜீப்பின் இடது பக்கம் ஓடினேன். தரையில் ஆள் இல்லை. சீட்டிலும் ஆள் இல்லை. கைத்தடி மட்டும் முன் சக்கரத்தில் சாய்ந்திருந்தது.

மறுபடி ஹாரன். நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இடது பக்கமாக ஏறினால் வலது காலை முதலில் வைத்து ஏறலாம். அவருக்கு அதுதான் நல்ல கால். டிரைவர் பக்கம் அப்படியில்லை. இடது கால்தான் முதலில் உள்ளே போக வேண்டும், அந்தச் செயற்கைக் கால்தான் உடம்பைத் தாங்க வேண்டும். விபத்துக்குப் பிறகு எங்கள் சொந்த ஜீப்பிலேயே அவர் அந்தக் கதவைத் திறந்ததில்லை. நானும் அது என் பக்கம் என்றே நினைத்துப் பழகிவிட்டிருந்தேன்.

சட்டை முழுக்க மண். உள்ளங்கை சிராய்த்திருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. "ஏன் இப்டி ஹாரன் அடிச்சி பயமுறுத்தறீங்க?" என்றேன். அழுகையும் வந்தது.

"ஏறிட்டேன்னு சொல்ல வேணாமா?" என்றார்.

அந்தத் தம்பி பின்னாலேயே மெதுவாக வந்து சேர்ந்தார். கைதட்டவில்லை, பாராட்டவில்லை. "எப்டிண்ணா இருக்குது?" என்று மட்டும் கேட்டார், ஷோரூமில் புது வண்டி பார்க்க வந்தவரிடம் கேட்கிற மாதிரி.

"நல்லாத்தான் இருக்குது. எறங்குறதுதான் எப்டின்னு தெரில" என்றார் இவர். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். இறங்குவதற்கு என்னைக் கூப்பிட்டார். "தோள் குடும்மா." அவராகக் கேட்டு நான் கொடுத்தது அன்றுதான். கனமே தெரியவில்லை.

தரையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மெக்கானிக்கை அழைத்தார்.

"நாலு இன்ச் வேணாம். ரெண்டு போதும்."

"என்ன சார், ஏறிட்டீங்களே?"

"ஏறிட்டேன்பா. ஆனா தினம் ரெண்டு வேளை இந்தச் சண்டை போட முடியுமா? எனக்கு ஆபீசு இருக்குது." பிறகு ஒரு சாக்பீஸ் கேட்டு வாங்கி, எங்கள் ஜீப்பின் டிரைவர் பக்கம் போனார். ஏறும்போது தன் கை எங்கெங்கே பிடிமானம் தேடியது என்று யோசித்து, கதவோரக் கம்பத்தில் ஒரு கோடு, உள்ளே கூரைக்குக் கீழே ஒரு கோடு போட்டார். "இங்க ஒரு கைப்பிடி, இங்க ஒரு கைப்பிடி. கெட்டியா இருக்கணும்." டயர் விஷயத்திலும் பல் பெருத்த மட் டயர் வேண்டாம், தாருக்கும் சேற்றுக்கும் நடுவாந்தரமாக வருகிற ஆல் டெரெய்ன் போதும், அதுவும் எஃப்.சி.க்குத் தொந்தரவு வராத அளவில் என்று அவரே முடித்தார். மெக்கானிக் இந்த முறை என் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாவற்றையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டார்.

இந்தச் சந்தடியில் அந்தத் தம்பியின் ஸ்டியரிங் வேலை முடிந்து, அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்களைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார். பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கரும்பச்சை ஜீப்பை அதற்குப் பிறகு நாங்கள் எங்கேயும் பார்க்கவில்லை.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. டாக்டரிடம் போனோம். கிளட்சைக் கையால் இயக்குகிற மாதிரி வண்டியை மாற்றினோம். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து முறைப்படி லைசென்ஸ் வாங்க மாதக்கணக்கானது. காலியாகக் கிடந்த ஏரியில் மறுபடி எல்.கே.ஜி. பையன் மாதிரி ஓட்டிப் பழகினார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இந்த வருடம் கலங்கல் தண்ணீர் பாதையில் ஓடியபோது என்னைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். அடியில் எதுவும் தட்டவில்லை. டயரும் வழுக்கவில்லை.

காலையில் அவர் ஏறுவதற்கு இன்றும் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தில் நான் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டோ, எதிர்வீட்டு அம்மாவிடம் ஏதாவது பேசிக்கொண்டோ நிற்பேன். கை நீட்டாமல் நிற்பதற்குக் கை நீட்டுவதைவிட அதிக அன்பு வேண்டியிருக்கிறது என்பது, அந்த டீக்கடை பெஞ்சில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிடங்களில் எனக்குத் தெரிந்தது. இன்னமும் தினம் அதைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.